தட்டுக்கு முன்னே தண்ணீர்

(ஓசூரில் நம் அறக்கட்டளை நடத்திய முதியோர் நலக் கூட்டத்தில், குடும்பத்தினர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அஸர் தொழுகை முடிந்து, ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்களும் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் நேரத்தில் பரக்கத் செய்வானாக. இன்று நாம் பேசப்போவது பெரிய விஷயம் போலத் தெரியாது. நம் வீட்டு முதியவர்களும், இல்லங்களில் இருக்கும் முதியவர்களும் சாப்பிடுவதற்கு முன் கை கழுவுகிறார்களா என்பதுதான் அது. "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாளைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், பிரியாணி தேக்சாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி போகும் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம், ஏனென்றால் குறை அவர்களுடையது அல்ல, நம்முடையது. நடக்க முடிந்தவர்கள் எழுந்து போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கும் கட்டிலில் இருந்தவர்களுக்கும் நம் தன்னார்வலர்களே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே இருந்த பணியாளர்கள் தங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். நாமும் கழுவினோம். படம் எடுத்தோம். எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

ஓரக் கட்டிலில் ஒரு தாய் மட்டும் சாப்பிடவில்லை. வலது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடிக்கவில்லையா அம்மா, காரமா?" என்று கேட்டோம். பதில் இல்லை. கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் பணிப்பெண், "அஜ்ஜி அப்படித்தான், மெதுவாகத்தான் சாப்பிடுவார்" என்றார். நாம் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது பிரியாணி ஆறிப்போயிருந்தது. எங்களோடு வந்த ஒரு சகோதரி அருகில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். அந்தத் தாய் தணிந்த குரலில் சொன்னது இவ்வளவுதான்: "பேட்டி, ஹாத் தோனா." மகளே, கை கழுவணும்.

எழுபது வயதைக் கடந்தவர். வாழ்நாளில் கை கழுவாமல் ஒரு கவளம் எடுத்ததில்லை. அன்று கழுவ வழியில்லை, கேட்கவும் கூச்சம். நாம் அவருக்குச் சோறு கொண்டுபோனோம், தண்ணீர் கொண்டுபோகவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் யாரும் அதிகம் பேசவில்லை.

அதன் பிறகு நம் வீடுகளையே கவனித்துப் பார்த்தோம். கட்டிலோடு இருக்கும் அப்பாவுக்குத் தட்டு போகிறது, டம்ளரில் குடிக்கத் தண்ணீர் போகிறது, மாத்திரை போகிறது. கை கழுவ மட்டும் எதுவும் போவதில்லை. மிஞ்சினால் ஒரு ஈரத் துணி. எழுந்து குழாய்க்குப் போக முடிந்த வரைக்கும் கை கழுவினார். எழ முடியாமல் போன நாளோடு அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

சகோதரர்களே, இது நம் ஊரில் மட்டும் உள்ள மறதி அல்ல. கை கழுவுவதைப் பற்றி மருத்துவ உலகம் பேசத் தொடங்கியதே, கொடுப்பவர் கையைப் பற்றித்தான். 1847இல் வியன்னா மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுகொண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்றார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அவர் சொன்னதை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. 2009 முதல் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் மே 5ஆம் தேதியைக் கை சுத்தத்துக்காகக் கடைப்பிடிக்கிறது. அதுவும் பெரும்பாலும் மருத்துவர், செவிலியர் கைகளைப் பற்றியே பேசுகிறது. அது சரியானதுதான். ஆனால் படுத்திருப்பவருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. நம் நாட்டில் அந்தக் கைதான் கரண்டி. சோற்றைப் பிசைவதும் வாய்க்குக் கொண்டுபோவதும் அந்தக் கைதான்.

நன்றாக நடமாடும் நம்மிடமே இந்தப் பழக்கம் எப்படி இருக்கிறது? 2018இல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 76ஆம் சுற்றில் குடும்பங்களிடம் இதைக் கேட்டார்கள். மலம் கழித்த பின் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவதாக 74.1 விழுக்காடு குடும்பங்கள் சொல்லின. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுவதாகச் சொன்னவை 35.8 விழுக்காடு மட்டுமே. 60.4 விழுக்காடு வெறும் தண்ணீர். நடமாடுபவர்கள் நிலை இது. எழ முடியாதவர்களின் நிலையை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"அவர் கட்டிலை விட்டே இறங்குவதில்லை, கையில் என்ன அழுக்கு வரப்போகிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. காலையிலிருந்து அந்தக் கை எங்கெல்லாம் போகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கட்டில் கம்பி. போர்வை. இருமலை மூடிய கைக்குட்டை. பல் செட். கைத்தடி. வாக்கரின் பிடி. டிவி ரிமோட். எல்லோர் கைக்கும் போய் வரும் செல்போன். சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் அதன் குழாய். டயப்பர் கசகசக்கும்போது தன்னையறியாமல் கை அங்கே போகும். தினமும் உருட்டும் தஸ்பீஹ் மணிகூட எப்போது கழுவப்பட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது. நாம் வெளியே போய் அழுக்கைக் கொண்டுவருகிறோம். அவரைச் சுற்றி அது சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இதில் ஒரு கூட்டத்தாரை நாம் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனவர்கள். அவர்களுக்கு மிஞ்சியிருப்பது இடது கை ஒன்றுதான். கழிப்பறையில் சுத்தம் செய்வதும் அதே கை, சோறு எடுப்பதும் அதே கை. முடியாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இடது கையால் சாப்பிடுவதில் அவர்மேல் குற்றமில்லை. ஆனாலும் அவர் மனம் கூசும். பலர் பேரப்பிள்ளைகள் முன்னால் சாப்பிட மறுப்பதற்கும், பசியில்லை என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு வேளையும் யாராவது அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால், நோய் மட்டுமல்ல, அந்தக் கூச்சமும் பாதி குறையும்.

வயதானவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது நமக்கு வருவது போல அல்ல. வயதாக ஆகத் தாகம் எடுக்கும் உணர்வு மங்கும். உடலில் நீர் குறைந்தாலும் தண்ணீர் கேட்க மாட்டார். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் இன்னும் வேகமாக வற்றிப்போவார். அழுத்தம் இறங்கும், எழும்போது தலை சுற்றும், விழுவார், இடுப்பு எலும்பு முறியும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாறுமாறாகும். சிறுநீரகம் பாதிக்கப்படும். வயிற்று எரிச்சலுக்கு நெடுநாள் மாத்திரை எடுப்பவருக்கு, கிருமியைத் தடுக்கும் வயிற்று அமிலமே குறைந்திருக்கும். இல்லங்களில் ஒருவருக்கு வந்தால் பக்கத்துக் கட்டிலுக்கும் போகும். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்த இடங்களில் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு மலிவான மருந்து வேறு எது இருக்கிறது?

சகோதரிகளே, நமக்கு இது புதுப் பாடமும் அல்ல. பழைய விருந்துகளை நினைத்துப் பாருங்கள். தஸ்தர்கான் விரித்து எல்லோரும் உட்கார்ந்ததும், வீட்டு இளைஞன் ஒருவன் ஒரு கையில் சிலம்சி, மறு கையில் லோட்டா, தோளில் துண்டோடு வருவான். உருது பேசும் வீடுகளில் சிலம்சி என்பார்கள். தமிழ் பேசும் வீடுகளில் ஏனமும் செம்பும். பெரியவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றுவான். விருந்தாளி எழுந்து குழாயைத் தேடிப் போவது வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவு. தண்ணீர்தான் அவரைத் தேடி வரும். குழாயும் வாஷ்பேசினும் வந்த பிறகு சிலம்சி பரணுக்கு ஏறிவிட்டது. எழுந்து போக முடிந்தவர்களுக்கு அதனால் நட்டமில்லை. முடியாதவர்களுக்குத்தான் நட்டம். அதை இறக்குங்கள் என்பதுதான் இன்று நாங்கள் கேட்டுக்கொள்வது.

செய்முறைக்குப் போகும் முன் நம்மிடையே உள்ள நான்கு தவறான எண்ணங்களைப் பேசிவிடுவோம்.

ஒன்று, ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்பது. ஒரே துணியால் காலையில் முகம், மதியம் கை, இடையில் மேசை என்று துடைத்தால், நாம் கிருமியை இடம் மாற்றுகிறோம். கையிலுள்ள எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும் கிருமியைச் சோப்பு நுரை பிரித்தெடுக்கிறது. ஊற்றும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. துடைப்பதில் இந்த இரண்டும் நடப்பதில்லை.

இரண்டு, தயம்மும் செய்திருக்கிறாரே என்பது. தண்ணீரைப் பயன்படுத்த இயலாதவருக்குத் தயம்மும் தொழுகைக்கான தூய்மை. அது அல்லாஹ் தந்த சலுகை. சோற்றுக்கு முன் கையிலுள்ள அழுக்கைப் போக்குவது வேறு வேலை. மேலெல்லாம் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்ன பல நோயாளிகளுக்குக்கூட விரல்களை மட்டும் கழுவத் தடை இருக்காது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விடக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இரவில் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம். பகலெல்லாம் தூங்கித் தூங்கி விழிக்கும் முதியவருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

மூன்று, சானிடைசர். இதில் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. ஆல்கஹால் உள்ளதைக் கையில் தேய்க்கலாமா என்பது ஒன்று. 2002இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு சபை, கிருமி நீக்கத்துக்காக ஆல்கஹாலை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று முடிவு சொல்லியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டி நூலில் இதைக் குறிப்பிடுகிறது. மேலும் தெளிவு வேண்டுவோர் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் அது போதுமா என்பது இரண்டாவது கேள்வி. பயணத்தில், தண்ணீரே இல்லாத இடத்தில், போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்றவற்றிடம் அதன் சக்தி குறைவு. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் சோப்பும் தண்ணீரும்தான். மறதி நோய் உள்ளவர் கைக்கெட்டும் இடத்தில் சானிடைசர் பாட்டிலை வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவார். அடுப்பின் அருகிலும் வைக்காதீர்கள்.

நான்கு, கையுறை போட்டுக்கொண்டு ஊட்டுகிறோமே என்பது. டயப்பர் மாற்றிய கையுறையோடு கதவைத் திறந்து, தட்டை எடுத்து, ஊட்டினால் அந்தக் கையுறையும் அழுக்குக் கைதான். ஊட்டுகிறவர் கையும் கழுவ வேண்டும், உண்கிறவர் கையும் கழுவ வேண்டும். நாமே ஊட்டினாலும் அவர் கையைக் கழுவுங்கள். நடுவில் தன் கையால் ஒரு அப்பளத் துண்டை எடுப்பார், வாயைத் துடைப்பார்.

இப்போது செய்முறை. பெரிய செலவில்லை. ஒரு அகலமான பிளாஸ்டிக் ஏனம், மூக்குள்ள ஜக் அல்லது செம்பு, சோப்பு, இரண்டு சிறு துண்டுகள். இந்த ஏனத்தை இதற்கு மட்டுமே வைத்திருங்கள். உடம்பு துடைக்கும் பக்கெட்டோ, கால் கழுவும் ஏனமோ வேண்டாம். இல்லத்தில் பலருக்குச் செய்யும்போது ஒரே ஏனத் தண்ணீரில் எல்லோர் கையையும் முக்கி எடுக்கக்கூடாது. தண்ணீர் மேலிருந்து ஊற்றப்பட வேண்டும், அழுக்குத் தண்ணீர் கீழே விழ வேண்டும். சிலம்சியின் அமைப்பே அதுதான்.

முதலில் அவரைச் சாப்பிடும் நிலையில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரானால், மேசைக்கு வந்து சேர்ந்த பிறகு கழுவுங்கள். அறையிலேயே கழுவிவிட்டால், சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வரும் வழியிலேயே கை மறுபடி அழுக்காகிவிடும். வாக்கர் பிடித்து வருபவருக்கும் அப்படியே. மடியில் ஒரு துண்டு, அதன்மேல் ஏனம். வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தால் முதியவர் விரும்புவார். கிருமியைப் பொறுத்தவரை பச்சைத் தண்ணீரும் சமம்தான். சூட்டை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவர் கைக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம்.

வளையலை மேலே தள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், கழலாவிட்டால் நகர்த்தி அடியில் தேயுங்கள். கையை நனைத்து, சோப்பு நுரை வர உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று 20 வினாடியாவது தேயுங்கள். ஒளுவில் விரல்களைக் கோதிக் கழுவுகிறோமே, அதே போல. பிறகு தண்ணீர் ஊற்றி நுரை போகும்வரை அலசுங்கள். உலர்ந்த துண்டால் விரல் இடுக்குவரை ஒற்றி எடுங்கள். ஈரக் கை எதைத் தொட்டாலும் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு துண்டு; அது தினமும் துவைக்கப்பட வேண்டும். கையில் ஊசிக் குழாய் போட்டிருந்தால் அந்த இடம் நனையக்கூடாது. நகத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பக்கவாதத்தில் கை இறுக மூடிக்கொண்டவருக்கு விரல்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், வலிக்கும். மணிக்கட்டை உள்பக்கமாக மெதுவாக மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். அப்போது உள்ளங்கையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, சின்னத் துணிச் சுருளை உள்ளே வையுங்கள். மூடியே இருக்கும் அந்த உள்ளங்கையில்தான் வியர்வை தங்கிப் புண் வருகிறது.

மறதி நோய் உள்ளவர் கையை உதறுவார், திட்டுவார். "கையைக் காட்டுங்கள், கழுவ வேண்டும்" என்று உத்தரவு போடாதீர்கள். முன்னால் உட்கார்ந்து, முதலில் உங்கள் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள். பெயரையும் முகத்தையும் மறந்தவர்களுக்குக்கூடக் கை பழகிய வேலைகள் நெடுநாள் நிலைத்திருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒளு செய்த கைகள் அவை. செம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் தாமாகவே சட்டைக் கையைச் சுருட்டியவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். மகனைத் தெரியவில்லை, தண்ணீரைத் தெரிந்தது. அவர் முழு ஒளுவும் செய்யத் தொடங்கினால் செய்யட்டுமே. சோறு இரண்டு நிமிடம் ஆறினால் ஆறட்டும்.

இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரின் வாழ்க்கையே சிப்காட் சங்கோடு ஓடுகிறது. மகன் காலை ஷிஃப்ட், மருமகள் கம்பெனி பஸ் பிடிக்க இருட்டிலேயே கிளம்புகிறார், சிலர் எல்லை தாண்டி பெங்களூருக்கே தினமும் போய் வருகிறார்கள். மதியச் சாப்பாட்டை ஹாட்பாக்ஸில் மூடி, கட்டிலருகே வைத்துவிட்டுப் போகிறோம். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஹாட்பாக்ஸ் வைக்கும் இடத்திலேயே ஏனம், மூடி போட்ட ஜக், சோப்பு, துண்டு ஆகியவற்றையும் வைத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். ஒரு கை இயங்குபவர்கூட, கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் தானே கழுவிக்கொள்வார். அழுத்தினால் வரும் திரவ சோப்பு அவருக்கு எளிது. முற்றிலும் முடியாதவராக இருந்தால், சோறு கொடுக்க வரும் பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள். அந்தப் பிள்ளை தன் கையையும் அங்கேயே கழுவிக்கொள்ளும்.

தண்ணீர்ப் பஞ்சம் என்கிறீர்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருவர் கைக்கு ஒரு வேளைக்கு ஒரு செம்பு போதும். ஒரு நாளைக்கு மூன்று செம்பு. டேங்கர் தண்ணீர் வாங்கும் மாதத்திலும் அது தாங்கக்கூடிய செலவுதான்.

இல்லத்தில் சேர்த்தவர்கள் மனம் நோக வேண்டாம். சூழ்நிலை அப்படி அமைந்திருக்கும். ஆனால் சேர்க்கும் முன்பும் சேர்த்த பின்பும், பார்க்கப் போவதைச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். சாப்பாட்டு அறையில் கை கழுவும் இடம் இருக்கிறதா, சக்கர நாற்காலி அங்கே நெருங்குமா, சோப்பு இருக்கிறதா, கட்டிலில் இருப்பவர் கையை யார் கழுவுகிறார் என்று கனிவோடு கேளுங்கள். ஒரு பணிப்பெண் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்கும் இடத்தில் அவரைக் கடிந்து பயனில்லை. அரைமணி நேரம் முன்னதாகப் போய் நான்கு பேர் கையை நீங்களே கழுவிவிடுங்கள். உங்கள் தாயோடு பக்கத்துக் கட்டில் தாய்க்கும். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும். எங்கேயாவது முதியவர் ஒருவர் உண்மையாகவே கைவிடப்பட்டிருப்பதைக் கண்டால், முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மருத்துவமனைக்கு வர முடியாதவரின் வீட்டுக்கே சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் போகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் வீட்டு முதியவர் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். வருகிற செவிலியரிடம் கை கழுவிவிடும் முறையையும் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். மருந்து ஊரிலிருந்து கட்டில்வரை வருகிறது. தண்ணீர் சமையலறையிலிருந்து கட்டில்வரை வரக்கூடாதா?

அறக்கட்டளை சார்பில் நாங்கள் எடுத்திருக்கும் முடிவைச் சொல்லி முடிக்கிறோம். இனி எந்த இல்லத்துக்கு உணவு கொண்டுபோனாலும், தேக்சா இறங்கும் முன் ஏனமும் ஜக்கும் இறங்கும். எல்லோர் கையும் கழுவிய பிறகே தட்டு வைப்போம். அதுவரை படம் எடுக்க மாட்டோம். ரமலானில் நோன்புக் கஞ்சி வீடு வீடாகப் போகும்போது, பாங்குக்கு முந்தைய பரபரப்பில் முதியவரின் கையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பேரீச்சம்பழத்தை அப்படியே கையில் கொடுத்துவிடுகிறோம். இன்ஷா அல்லாஹ் இந்த ரமலானில் நம் இளைஞர்கள் பத்து நிமிடம் முன்னதாகப் போவார்கள். ஏனம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு நாம் தருகிறோம். உங்கள் ஜமாஅத் நிர்வாகியிடம் சொன்னால் போதும்.

முதுமையடைந்த பெற்றோரிடம் முகம் சுளிக்கும் ஒரு சொல்லைக்கூடச் சொல்லக்கூடாது என்று குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்லாமல் விழுங்கிக்கொள்ளும் சொல்லை நாம் கேட்பதும் இல்லை. அந்தத் தாய் நாம் கேட்டதால்தான் சொன்னார்.

அன்று அந்தச் சகோதரி ஒரு கிண்ணத்தையும் சொம்பையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவித் துடைத்துவிட்டார். அந்தத் தாய் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார். ஆறிய பிரியாணிதான். தட்டைக் காலி செய்தார்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும், தட்டு வைக்கும் முன் ஒரு செம்புத் தண்ணீரோடு உங்கள் பெரியவரிடம் போங்கள். வல்ல ரஹ்மான் நம் பெற்றோரின் வயதில் ஆரோக்கியத்தையும், நம் கைகளில் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.